புலன்வழிச் சிகிச்சை (முதுமை மறதி நோயில்)

முதுமை மறதி நோயாளரின் பதற்றத்தை இசை, தொடுகை, மணம், ஒளி ஆகியவற்றால் தணிக்கும் முறை. 1970களில் நெதர்லாந்தில் உருவான, பல புலன்களையும் இதமாகத் தூண்டும் ஸ்னூசெலன் அறை இதன் ஒரு வடிவம். மருந்துக்கு முன் இதை நாடுவதற்கு வலுவான காரணம் உண்டு. உளப்பிணிக்கான புதிய தலைமுறை மருந்துகள் இந்நோயுள்ள முதியோரின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று 2005இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

சான்று போதாது என்ற மறுப்பில் உண்மை இருக்கிறது. மெலிசா என்ற மூலிகையின் மணத் தைலம் 2002இல் பிரித்தானிய ஆய்வொன்றில் பயன் தந்தது. 2011இல் வந்த ஆய்வில் போலி மருந்தை விஞ்சவில்லை. 2014இல் வெளியான தொகுப்பாய்வும் மணத்துக்கும் ஒளிக்கும் பயன் காணவில்லை. ஆனால் முறைப்படி நடத்திய இசைச் சிகிச்சையும் தொடுகை போன்ற புலன்வழி முறைகளும் அப்போதைய பதற்றத்தைக் குறைத்தன என்று அதுவே காட்டியது. பலன் நீடிக்கும் என்பதற்குச் சான்றில்லை என்பது குறைதான். எனினும் குளிப்பாட்டும் வேளையிலும் மாலை மயங்கும் பொழுதிலும் கிடைக்கும் அமைதி நோயாளருக்கும் பராமரிப்பவருக்கும் பெரிது. இலங்கையின் கல்முனை போன்ற கரையோர ஊர்களில் இதற்கென விலைகூடிய அறை வேண்டியதில்லை. பழகிய கிராஅத் (குர்ஆன் ஓதல்) ஓசையும் கையைத் தடவிக்கொடுப்பதும் வீட்டிலேயே இயலும். எது இதம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். திடீர்ப் பதற்றமானால் வலி, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் உண்டா என்று வைத்தியர் முதலில் பார்க்க வேண்டும்.