புறமும் அகமும்: வியன்னா கண்ட இரு வைத்தியர்

உடலின் புறத்தைக் கொண்டு அதன் அகத்தை அறியவேண்டும் என்பது வைத்தியரின் நெடுநாள் அவா. அவ்வவா ஒருவரிடத்து அறிவியலாகவும் மற்றொருவரிடத்து மயக்கமாகவும் முடிந்த வரலாற்றை வியன்னா நகரிற் காணலாம்.

1722 இல் கிராட்ஸ் நகரில் ஒரு சத்திரக்காரரின் மகனாகப் பிறந்த லெயோபோல்ட் ஔவன்புருக்கர், வியன்னாவின் ஸ்பானிய வைத்தியசாலையிற் பணிபுரிந்தவர். நிறைந்த பீப்பாயும் வெறும் பீப்பாயும் தட்டும்போது வெவ்வேறொலி தருவதைத் தந்தையின் நிலவறையிலேயே அவர் அறிந்திருந்தார் என்பர். அஃது எவ்வாறாயினும், நோயாளரின் நெஞ்சை விரல் நுனிகளால் தட்டிக் கேட்டார். காற்று நிறைந்த சுவாசப்பையின்மேல் துணி போர்த்த முரசின் ஒலி எழுந்தது. நீர் கட்டிய இடத்திலோ தொடையைத் தட்டினாற்போன்ற மந்த ஒலியே எழுந்தது. செவியை மட்டும் நம்பி அவர் அமைந்தாரல்லர். இறந்தோரின் உடலைத் திறந்து நோக்கினார். பிணத்தின் நெஞ்சறையுள் நீரைச் செலுத்தி, நீர்மட்டத்தையும் ஒலி மாறும் எல்லையையும் ஒப்பிட்டார். ஏழாண்டு உழைப்பின் பயன் 1761 இல் இலத்தீனில் ஒரு சிறு நூலாயிற்று. அதனைப் பொருட்படுத்தினோர் சிலரே. நெப்போலியனின் வைத்தியரான கோர்விசார் 1808 இல் அதனைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பின்னரே அது பரவியது. புகழைத் தமதாக்க வாய்ப்பிருந்தும் அவர் அதனை முதியவருக்கே விட்டமை அரிய பண்பு. மறு ஆண்டு ஔவன்புருக்கர் காலமானார்.

அதே நகரில் 1796 முதல் பிரான்ஸ் யோசெப் கால் வேறொரு கொள்கையை விரித்துரைத்தார். மூளையே மனத்தின் இருப்பிடம். அதன் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வோர் ஆற்றல் உண்டு. ஆற்றல் மிக்க பகுதி பருத்து மண்டையோட்டை உந்தும். ஆதலால் தலையின் மேடுபள்ளங்களைத் தடவிக் குணத்தைக் கூறலாம் என்றார். முதலிரண்டும் தள்ளத்தக்கன அல்ல. மூளையை வகுத்து ஆராய்வதிற் கால் வல்லவருமாவார். ஆயின் மண்டையோட்டின் புறப்பரப்பு அகப்பரப்பை அப்படியே பின்பற்றுவதில்லை. புருவத்தின் பின்னே காற்றறைகள் உள. என்பின் தடிப்பும் இடத்துக்கிடம் வேறுபடும். ஒத்த தலைகளைச் சான்றாக்கி, ஒவ்வாதவற்றுக்குச் சமாதானம் தேடியதே காலின் குறை. 1801 இல் பேரரசர் அவ்விரிவுரைகளைத் தடைசெய்தார். பிழையென்று கண்டன்று, சமயத்துக்கு ஊறென்று அஞ்சியே. தடை அக்கொள்கையை அழிக்கவில்லை. பின்வந்தோர் கைதிகளின் இயல்பைத் தீர்க்கவும் மக்களினங்களை உயர்வு தாழ்வாக வகுக்கவும் அதனைக் கருவியாக்கினர். தலையின் வடிவால் இழிந்தோர் எனப்பட்டவர்க்கு மறுமொழி கூற இடமில்லாது போயிற்று.

பள்ளித் தோழருட் சொல் நினைவு மிக்கோர் துருத்திய கண்ணினராயிருக்கக் கண்டு, அவ்வாற்றலைக் கண்ணுக்குப் பின்னே வைத்தவர் கால். 1861 இல் பாரிஸில் பொல் புரோக்கா, பேச்சிழந்து இறந்த ஒருவரின் மூளையை வெளியிலெடுத்து, இடப்பக்க முன்மடலிலே பழுதைக் காட்டினார். அம்முடிவு கண்களின் வடிவைக் கொண்டு எழுந்ததன்று.