வீவக வரவேற்பறைக்கு சரவுண்ட் ஒலி: கையில் உள்ள காசுக்கு எதை முதலில் வாங்குவது?

வீட்டில் தமிழ்ப் படம் பார்க்கும் பலருக்கும் பழகிப்போன தொல்லை இது. வசனம் வரும்போது ஒலியைக் கூட்ட வேண்டும். சண்டையோ பாட்டோ தொடங்கியதும் ரிமோட்டைத் தேடிக் குறைக்க வேண்டும். வயதானவர்கள் உள்ள வீட்டில் “இப்ப என்ன சொன்னான்?” என்ற கேள்வி படம் முடியும்வரை ஓயாது.

இதற்குத் தீர்வு தேடிக் கடைக்குப் போனால் 5.1, 7.1, 3.1.2 என்று எண்களும் 1,000 வாட் என்ற பெரிய எழுத்துகளும்தான் வரவேற்கின்றன. எண் கூடினால் ஒலியும் சிறக்கும் என்று எண்ணுவது இயல்பு. குறைந்த செலவில் வாங்குவோருக்கு அது பெரும்பாலும் பொருந்துவதில்லை. 500 வெள்ளியை ஏழு ஒலிபெருக்கிகளுக்குப் பிரித்தால் ஏழும் சுமாராகத்தான் இருக்கும். அதே காசில் மூன்று நல்ல ஒலிபெருக்கிகள் வாங்கினால் வசனம் தெளிவாகக் கேட்கும்.

வசனம் எங்கிருந்து வருகிறது?

மெலிதான தொலைக்காட்சிகளில் பெரிய ஒலிபெருக்கிக்கு இடமில்லை. இருப்பவையும் பல மாடல்களில் தரையையோ சுவரையோ பார்த்தபடி அமைந்திருக்கும். மனிதக் குரலின் தெளிவு முதலில் அடிபடுவது அங்கேதான்.

5.1 என்றால் முன்னால் இடம், நடு, வலம் என மூன்று. பக்கவாட்டில் அல்லது சற்றுப் பின்னால் இரண்டு. இவற்றுடன் தாழ்ந்த அதிர்வுகளுக்கு மட்டுமே உரிய ஒரு தனித் தடம். அந்த ஒன்றைத்தான் ‘.1’ என்கிறார்கள். அதை ஒலிப்பது சப்வூஃபர். படத்தின் வசனம் ஏறக்குறைய முழுவதும் நடு ஒலிபெருக்கி வழியாகத்தான் வரும். பின்னால் உள்ள இரண்டும் மழை, கூட்டத்தின் ஆரவாரம், கடந்து செல்லும் வாகனம் போன்றவற்றுக்கானவை. படம் ஓடும் நேரத்தில் பெரும்பகுதி அவை சும்மாதான் இருக்கும்.

எனவே முதல் காசு முன்வரிசைக்கு, அதிலும் நடு ஒலிபெருக்கிக்குப் போகவேண்டும். முன்னால் உள்ள மூன்றும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக இருப்பது நல்லது. இல்லாவிட்டால் ஒருவர் பேசிக்கொண்டே திரையைக் கடக்கும்போது குரலின் தன்மை மாறும். பின் ஒலிபெருக்கிகளை அடுத்த தீபாவளிப் போனசுக்கு ஒத்திவைத்தால் பெரிய இழப்பில்லை.

செலவு செய்யாமலே முயன்று பார்க்க ஒரு வழியும் உண்டு. சில இணையக் காணொளிச் செயலிகளின் ஒலிப் பட்டியலில் ‘தமிழ்’, ‘தமிழ் 5.1’ என்று இரண்டு தடங்கள் இருக்கும். தொலைக்காட்சியின் சொந்த ஒலிபெருக்கியில் கேட்பவர்கள் சாதாரணத் தடத்தைத் தேர்ந்தெடுத்தால் வசனம் சற்று மேலெழுந்து கேட்கலாம். தொலைக்காட்சி அமைப்புகளில் ‘இரவு முறை’ அல்லது ‘குரல் தெளிவு’ இருந்தால் அதையும் போட்டுப் பார்க்கலாம். குறை இத்துடன் தீர்ந்துவிட்டால் காசு மிச்சம்.

வீட்டில் ஓடுவது எந்தப் படம்?

1980களில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை மோனோ ஒலியில் அமைந்தவை. அவற்றை எத்தனை ஒலிபெருக்கிகளில் கேட்டாலும் உள்ளே இருப்பது ஒரே தடம்தான். 1995ல் வந்த ‘குருதிப்புனல்’ படத்தை இந்தியாவில் டால்பி சரவுண்ட் ஒலியின் முன்னோடியாகக் குறிப்பிடுவார்கள். 2012ல் முப்பரிமாணத்தில் மீண்டும் வெளியான ‘சிவாஜி’, டால்பி அட்மாஸ் ஒலியுடன் வந்தது. இன்று திரையரங்குக்கு வரும் பெரிய படங்களுக்குச் சரவுண்ட் ஒலி வழக்கமாகிவிட்டது.

ஆனால், வீட்டில் நாள் முழுக்க ஓடுவது பழைய பாடல்களும் தொடர்களும் யூடியூபும் என்றால், கேட்பதில் பெரும்பங்கு ஸ்டீரியோவே. அத்தகைய வீட்டுக்கு ஐந்து சுமாரான ஒலிபெருக்கிகளைவிட இரண்டு தரமானவை மேல். அட்மாஸ் ஒலிக்குக் கருவி மட்டும் போதாது. சந்தாவும் ஒத்துவர வேண்டும். நெட்ஃபிளிக்சில் அது உயர்நிலைச் சந்தாவுக்கு மட்டுமே கிடைக்கும். அந்த மாதச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சவுண்ட்பாரா, ரிசீவரா?

சவுண்ட்பார் தொலைக்காட்சிக்குக் கீழே வைக்கும் ஒற்றை நீளப்பெட்டி. கம்பித் தொல்லை குறைவு. வீட்டில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம். வாங்கும்போது பெட்டியில் உள்ள எண்ணின் முதல் இலக்கத்தைப் பார்த்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும். 2.1 என்றால் நடு ஒலிபெருக்கி இல்லை. 3.1 என்றால் இருக்கிறது. வசனத்துக்காக வாங்குவோர் 3.1க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. ‘மெய்நிகர் சரவுண்ட்’ என்பது முன்னால் உள்ள பெட்டியே பக்கவாட்டு ஒலிபோல் தோன்றச் செய்யும் உத்தி. அது தனிப் பின் ஒலிபெருக்கிகளுக்கு ஈடாகாது.

3.1.2 போன்றவற்றின் கடைசி எண், கூரையை நோக்கி ஒலி எழுப்பும் அலகுகளைக் குறிக்கும். அந்த ஒலி கூரையில் பட்டு அமர்ந்திருப்பவரிடம் திரும்ப வேண்டும். வீவக வீட்டின் சுமார் 2.6 மீட்டர் உயரத் தட்டைக் கூரை இதற்குப் பொருத்தமானதுதான். ஆனால் பொய்க்கூரை போட்டு, ஓரத்தில் விளக்குப் பெட்டி கட்டி, நடுவில் விளக்குடன் கூடிய மின்விசிறி மாட்டியிருந்தால் ஒலி திரும்பும் பாதை கலைந்துவிடும். அத்தகைய வீட்டில் அந்த ‘.2’வுக்காகக் கூடுதலாக 200, 300 வெள்ளி கொடுப்பது வீண்.

இன்னொரு வழி ஏவி ரிசீவரும் தனித்தனி ஒலிபெருக்கிகளும். இடம் அதிகம் பிடிக்கும், கம்பி இழுக்க வேண்டும். ஆனால் இன்று மூன்று ஒலிபெருக்கிகளுடன் தொடங்கி இரண்டு ஆண்டுகள் கழித்து ஐந்தாக்கலாம். ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். சவுண்ட்பாரில் ஒரு பாகம் கெட்டால் பல நேரம் முழுப் பெட்டியும் குப்பைக்குத்தான் போகும். நீண்ட நாள் வைத்திருக்க நினைப்பவர்களுக்கு ரிசீவர் வழியே சிக்கனமானது.

மொத்தம் 800 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், கால் பங்கு கைமாறி வரும் ரிசீவருக்கு, பாதி முன்னால் உள்ள மூன்று ஒலிபெருக்கிகளுக்கு, மீதி சிறிய சப்வூஃபருக்கு என்று பிரிக்கலாம்.

பழைய பொருள் வாங்கும்போது

கரோசல் போன்ற தளங்களில் ரிசீவர்கள் அடிக்கடி விற்பனைக்கு வரும். 4கே படத்தைக் கடத்த முடியாது என்பதற்காகவே பலர் நல்ல ரிசீவரைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். வாங்குவோருக்கு இது வாய்ப்பு. படக்கருவியை நேராகத் தொலைக்காட்சியில் இணைத்துவிட்டு, ஒலியை மட்டும் ஆப்டிகல் கம்பி வழியாக ரிசீவருக்கு அனுப்பினால் போதும். டால்பி டிஜிட்டல் 5.1 அதில் தாராளமாகச் செல்லும். அட்மாஸ் மட்டும்தான் கிடைக்காது.

விற்பவர் வீட்டில் மின்சாரத்தில் போட்டு, ஒவ்வொரு தடத்திலும் ஒலி வருகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ரிசீவருடன் வரும் சிறு அளவீட்டு மைக்ரோஃபோன் இருக்கிறதா என்று மறக்காமல் கேட்க வேண்டும். அது இருந்தால் ஒவ்வோர் ஒலிபெருக்கியின் தொலைவையும் அளவையும் கருவியே சரிசெய்துகொள்ளும். ஒலிபெருக்கியின் கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ஃபோம் என்றால் எச்சரிக்கை தேவை. இங்குள்ள வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அது காலப்போக்கில் பொடியாக உதிரும். ரப்பர் வளையம் நீண்ட நாள் தாங்கும்.

மின்னழுத்தத்தையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 230 வோல்ட். ஜப்பானிலிருந்து வந்த பழைய கருவி 100 வோல்ட்டுக்கும் அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட்டுக்கும் மட்டும் செய்யப்பட்டிருக்கலாம். பின்புறத்தில் ஒட்டியுள்ள வில்லையைப் படிக்காமல் செருகினால் கருவி புகைந்துபோகும்.

வாட் கணக்கில் ஏமாறுவது எளிது. ஆற்றலை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்கு உரக்கக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றல் தேவை. ஆகவே 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு வரவேற்பறையில் பெரிதாகத் தெரியாது. ‘பிஎம்பிஓ’ என்று போட்ட எண்ணைப் பொருட்படுத்தவே வேண்டாம். ‘ஆர்எம்எஸ்’ அளவு, அதுவும் ஒரு தடத்துக்கு எவ்வளவு என்பதே கேட்க வேண்டியது.

இணைப்பும் இடமும்

தொலைக்காட்சியின் பின்புறத்தில் உள்ள எச்டிஎம்ஐ துளைகளில் பொதுவாக ஒன்றில் மட்டும் ‘ஆர்க்’ அல்லது ‘இஆர்க்’ என்று எழுதியிருக்கும். சவுண்ட்பார் அதில்தான் இணைய வேண்டும். அடுத்து, தொலைக்காட்சியின் ஒலி அமைப்புகளில் ‘பிசிஎம்’ என்று இருந்தால் பல மாடல்களில் ஸ்டீரியோ மட்டுமே வெளியே போகும். அதைத் ‘தானியங்கி’ அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று மாற்ற வேண்டும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல், வாங்கிய கருவி சரியில்லை என்று குறைசொல்பவர்கள் பலர். புளூடூத் வழியாகப் படத்தின் ஒலியைக் கேட்பதைத் தவிர்க்கலாம். உதடு அசைந்த பிறகு குரல் வரும்.

நடு ஒலிபெருக்கியை அலமாரிக்குள் ஆழமாகத் தள்ளினால் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். அலமாரி விளிம்புவரை இழுத்து, முகத்தைக் காது நோக்கிச் சற்றுத் தூக்கி வைக்க வேண்டும். இடமும் வலமும் நடுக்கோட்டிலிருந்து தலா 30 பாகை வரை விலகியிருக்கலாம். இருக்கை மூன்று மீட்டர் தள்ளி இருந்தால், இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய மூன்று மீட்டர் வரும். சரவுண்ட் ஒலிபெருக்கிகள் 110 பாகை, அதாவது தோளுக்குச் சற்றுப் பின்னால்.

வீவக வீட்டில் சிக்கல் இங்கேதான். சோஃபா பின்சுவரோடு ஒட்டியிருக்கும். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் சாப்பாட்டு மேசைக்குத் திறந்த வழி. ஒன்றைச் சாமி மேடைக்குப் பக்கத்திலும் மற்றதைக் குளிர்சாதனப் பெட்டி மேலும் வைப்பதைவிட, பின் ஒலிபெருக்கியே இல்லாமல் விடுவது மேல். சுவரில் மாட்டுவதானால் அது ‘பாம் ஷெல்டர்’ சுவரா என்று பார்க்க வேண்டும். அதில் துளையிடுவதற்குக் கட்டுப்பாடுகள் உள்ளன. கம்பிக்கு அதிகம் செலவிட வேண்டாம். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி இந்த அளவு அறைக்குப் போதும். செம்பு பூசிய அலுமினியமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம்.

கீழ்வீட்டுக்காரர்

உயர்ந்த ஒலி சுவரில் பெரும்பாலும் தடுக்கப்படும். தாழ்ந்த அதிர்வு கான்கிரீட் தரை வழியாகக் கீழ்வீட்டின் கூரைக்கு இறங்கும். மேலே மெல்லிய உறுமலாக இருப்பது கீழே படுக்கையில் இருப்பவருக்கு இடி. அண்டைவீட்டு இரைச்சல் குறித்த சமூக ஆலோசனைக் குழு, இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை என்றிருந்த அமைதி நேரத்தை இரவு 10 முதல் காலை 8 மணி வரை நீட்டிக்கும்படி 2022ல் பரிந்துரைத்தது. வேலை முடிந்து வந்து படம் பார்க்கும் குடும்பத்துக்கு அது பாதிப் படம் ஓடிக்கொண்டிருக்கும் நேரம்.

ஆகவே பெரிய சப்வூஃபருக்குக் காசு கொட்டுவதில் பொருளில்லை. அதை முழு அளவில் ஒலிக்கவிட முடியாது. 8 அங்குல அளவே போதும். மூலையில் வைத்தால் அதிர்வு கூடும் என்பதால் மூலையைவிட்டுத் தள்ளி, அடியில் தடித்த ஃபோம் பலகை போட்டு வைக்கலாம். அது பெட்டியின் நேரடி அதிர்வைக் குறைக்கும். காற்றில் பரவும் ஒலியை முழுதாக நிறுத்தாது. இரவில் சப்வூஃபரை அணைத்துவிட்டாலும் வசனத்துக்கு ஒரு குறையும் வராது. பளிங்குத் தரையில் எதிரொலிக்கும் அறைக்கு ஒரு கம்பளமும் கனமான திரைச்சீலையும் போட்டால், அடுத்த விலைக் கருவிக்கு மாறியதுபோல் தெளிவு கூடும்.

கடையில்

சிம் லிம் ஸ்குவேர், முஸ்தஃபா சென்டர், ஒலிக்கருவிக் கடைகள் கூடியுள்ள ஆடெல்ஃபி ஆகிய இடங்களில் விலையை ஒப்பிடலாம். கடைக்காரர் போடும் வெடிச்சத்தக் காட்சியை வைத்து முடிவெடுக்கக் கூடாது. வீட்டில் வசனம் புரியாமல்போன படத்தைக் கைப்பேசியில் கொண்டுபோய், ஒலியைக் குறைத்து வைத்துப் பேச்சு புரிகிறதா என்று கேட்க வேண்டும். வீட்டுப் பெரியவரையும் அழைத்துச் செல்வது உத்தமம். கருவி அவருக்கும் சேர்த்துத்தானே.

பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள ‘லெமன்’ சட்டத்தின்படி, வாங்கிய ஆறு மாதங்களுக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகவே கொள்ளப்படும்; இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. வியாபாரிகள் விற்கும் பழைய பொருள்களுக்கும் இது பொருந்தும். கரோசலில் தனிநபரிடம் வாங்கியதற்குப் பொருந்தாது. அதனால்தான் அங்கே வாங்குவதை மின்சாரத்தில் போட்டுக் கேட்டுவிட்டுக் காசைக் கொடுக்க வேண்டும்.