காட்டுப்பன்றி வந்தால் அலறும் சென்சார் கருவி: நாமே செய்யலாம்

நிலக்கடலை, மக்காச்சோளத்தில் இரவில் பன்றி இறங்கினால் சத்தம் எழுப்பும் கருவியை விவசாயிகளே செய்துகொள்ளலாம். வீட்டுக் கரண்டை வேலியில் விடுவது சட்டவிரோதம், ஆள் உயிரையும் வாங்கும். இதில் அந்த ஆபத்து இல்லை.

தேவையானவை: எச்.சி.-எஸ்.ஆர்.501 பிஐஆர் சென்சார், 5 வோல்ட் ரிலே, 12 வோல்ட் பேட்டரி, அதை 5 வோல்ட்டாகக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர், பைக் ஹாரன். ஹாரன் தவிர மற்றவை சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கிடைக்கும். ரிலே வாங்கும்போது 'ஹை டிரிகர்' என்று கேளுங்கள். 'லோ டிரிகர்' என்றால் பன்றி வராதபோதும் அலறும்.

சென்சாரின் நடுமுனையை ரிலேயின் 'இன்' முனையில் இணைக்கவும். மற்ற இரு முனைகளுக்கும் 5 வோல்ட். பேட்டரியின் பிளஸ், ஃபியூஸ் வழியாக ரிலேக்கும் அங்கிருந்து ஹாரனுக்கும் போக வேண்டும். ஆன் செய்த முதல் ஒரு நிமிடம் தானாக ஒலிக்கலாம், அது பழுதல்ல.

பலர் கோட்டை விடுவது பொருத்தும் இடத்தில்தான். இந்தச் சென்சார் 7 மீட்டருக்கு மேல் பார்க்காது. உடல் வெப்பம் குறுக்கே நகர்ந்தால்தான் நன்றாக உணரும், நேரே எதிரில் வந்தால் தாமதமாகும். எனவே வயல் நடுவில் வைக்காமல், பன்றி நுழையும் தடத்தின் ஓரத்தில், 2 அடி உயரத்தில், தடத்தைக் குறுக்காகப் பார்க்கும்படி கட்டுங்கள். மழை நீர் படாமல் மேலே ஒரு மூடி வேண்டும். ஆனால் வெள்ளை லென்ஸை மறைக்கக் கூடாது, கண்ணாடியும் போடக் கூடாது.

ஒரே சத்தம் பன்றிக்குச் சில நாளில் பழகிவிடும். வாரம் ஒருமுறை இடத்தை மாற்றுங்கள், ஹாரனுக்குப் பதில் எல்இடி ஃபோகஸ் விளக்கையும் இடையிடையே போட்டுப் பாருங்கள்.