எவரெஸ்ட் ஏற எவ்ளோ ஆகும்?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன மாசம் ஆபீஸ் கேன்டீன்ல ஒரு நண்பன் ரொம்ப சீரியஸா கேட்டான்: "டேய், எவரெஸ்ட் ஏற மொத்தமா எவ்ளோ ஆகும்?" அவன் இதுவரைக்கும் ஏறின பெரிய மலை வெள்ளியங்கிரி. ஆனா கேள்வி தப்பில்ல. எவரெஸ்ட்டுக்கு இன்னைக்கு நிஜமாவே ரேட் கார்டு இருக்கு. சீசன்ல நேபாளப் பக்கமா ஏற, அரசாங்க பர்மிட் மட்டும் 11,000 டாலரா இருந்தது. 2025 செப்டம்பர்ல இருந்து 15,000 டாலர். கூட்டிட்டுப் போற கம்பெனியோட கட்டணம் அதுக்கு மேல.

அவனுக்குப் பதில் தேட உட்கார்ந்தேன். தேடத் தேட, டாலர் கணக்கைவிட இன்னொரு கணக்கு பெருசா தெரிஞ்சுது. மலை ஏறணும்னு ஆசைப்படுறவர் ஒருத்தர், அதுக்காக ஆபத்துல நடக்கிறவர் இன்னொருத்தர். இந்தக் கணக்கை இருநூறு வருஷமா யார் எப்படிப் போட்டாங்கன்றதுதான் இன்னைக்கு எபிசோட்.

ஷாமோனி, 1820

கதை இமயமலையில ஆரம்பிக்கல. ஐரோப்பாவுல, ஆல்ப்ஸ் மலையடிவாரத்துல இருக்கிற ஷாமோனிங்கிற ஊர்ல ஆரம்பிக்குது. 1786-ல் அந்த ஊர்க்காரர்கள் இருவர், டாக்டர் பக்கார்டும் பால்மாவும், மோன் பிளாங்க் சிகரத்தில் முதன்முதலாக ஏறினார்கள். அதன்பிறகு வெளியூர்ப் பணக்காரர்களும் விஞ்ஞானிகளும் வரத் தொடங்கினார்கள். உள்ளூர் ஆட்கள் கூலிக்கு வழிகாட்டினார்கள்.

1820 ஆகஸ்டில் டாக்டர் ஹாமெல் என்பவரின் குழு புறப்பட்டது. வழியில் வானிலை கெட்டது. காத்திருந்துவிட்டு மேலே போனார்கள். பனிச்சரிவு வந்தது. மூன்று வழிகாட்டிகள் ஒரு பிளவுக்குள் அடித்துச் செல்லப்பட்டார்கள். பணம் கொடுத்து வந்தவர்கள் எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள். அந்த மூவரின் எச்சங்களைப் பனியாறு மெல்ல மெல்லக் கீழே கொண்டுவந்து, 41 வருஷம் கழித்து, 1861-ல் வெளியே தள்ளியது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். விபத்துக்கு மறு வருஷமே, 1821-ல், ஷாமோனி வழிகாட்டிகள் ஒரு சங்கமா சேர்ந்தாங்க. வேலையை முறை வைச்சுப் பகிர்ந்துக்கணும்னு விதி போட்டாங்க. அடிபட்டவருக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும் உதவ ஒரு நிதி வைச்சாங்க. அந்தச் சங்கம் இன்னைக்கும் இருக்கு. மூணு பேர் சாவுக்கு அந்த ஊர் கண்டுபிடிச்ச பதில் இது. இதை ஞாபகம் வைச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

ஏழு பேரும் நெய்யூர் டாக்டரும்

நூறு வருஷம் தாண்டுவோம். 1922 ஜூன் 7. எவரெஸ்ட்டின் திபெத் பக்கம். பிரிட்டிஷ் குழுவின் மூன்றாவது முயற்சி. மல்லோரி, சாமர்வெல், கிராஃபோர்டு என மூன்று ஆங்கிலேயர்கள், சுமை தூக்கும் 14 பேர். சில நாள் முன்புதான் பனி கொட்டியிருந்தது. சரிவு பிய்த்துக்கொண்டு வந்து ஒன்பது பேரை ஒரு பனிச்சுவருக்குக் கீழே தள்ளியது. இரண்டு பேரை உயிரோடு தோண்டி எடுத்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். மூன்று ஆங்கிலேயர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இதுல சாமர்வெல் நம்ம ஊர்க் கதையும்கூட. அவர் ஒரு சர்ஜன். அந்தப் பயணம் முடிஞ்சு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும்போது நெய்யூருக்கு வந்தார். அப்போ திருவிதாங்கூர், இப்போ கன்னியாகுமரி மாவட்டம். அங்க மிஷன் ஆஸ்பத்திரியில காத்திருந்த கூட்டத்தைப் பார்த்துட்டு, லண்டன் டாக்டர் வாழ்க்கையை விட்டுட்டு அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். நடுவுல 1924-ல் இன்னொரு தடவை எவரெஸ்ட் போய்ட்டு வந்தார். நெய்யூர்ல இருபது வருஷத்துக்கும் மேல. அப்புறம் வேலூர் சி.எம்.சி. 1922-ல் செத்தவங்கள்ல ஒரு வெள்ளைக்காரர்கூட இல்லையேன்றது தன்னை உறுத்தினதை அவரே எழுதி வைச்சிருக்கார்.

ஒரு மனுஷனுக்கு உறுத்துச்சு. ஆனா அமைப்பு மாறல. ஷாமோனியில மலையும் வழிகாட்டிகளோடது, சங்கமும் அவங்களோடது. இங்க ஆள் எடுக்கிறது, சம்பளம் வைக்கிறது, எந்த நாள் ஏறணும்னு முடிவு பண்றது, எல்லாமே வெளியிலிருந்து வந்தவங்க கையில.

ஆசை விலைக்கு வந்த கதை

1953-ல் டென்சிங்கும் ஹிலாரியும் உச்சியைத் தொட்டார்கள். அதற்குப் பிறகும் முப்பது வருஷம் எவரெஸ்ட் கைதேர்ந்தவர்களின் மலையாகத்தான் இருந்தது. 1985 ஏப்ரல் 30 அன்று டிக் பாஸ் என்ற 55 வயது அமெரிக்கத் தொழிலதிபர், டேவிட் பிரெஷியர்ஸ் என்ற தேர்ந்த ஏறுநரோடும் ஆங் புர்பா என்ற ஷெர்பாவோடும் உச்சிக்குப் போனார். ஏழு கண்டங்களின் உயரமான சிகரங்களையும் ஏறி முடித்த முதல் ஆள் அவர்தான். உலகத்துக்குப் புரிந்த செய்தி இதுதான்: சரியான ஆள் கூட இருந்தா, நாமளும் போகலாம்.

அந்த ஆசையைத் தொழிலாக்கியவர்களில் முன்னோடி நியூசிலாந்துக்காரர் ராப் ஹால். 1996-ல் அவரிடம் கட்டணம் 65,000 டாலர். அந்த மே 10-ஆம் தேதி, மதியம் 2 மணிக்கு மேல் யாரும் ஏறக்கூடாது என்பது பேச்சு. அவரது வாடிக்கையாளர் டக் ஹான்சன் முந்தின வருஷம் உச்சிக்குப் பக்கத்தில் வந்து திரும்பியவர். 4 மணிக்கு மேல் தள்ளாடி வந்தவருக்காக ஹால் உச்சியில் காத்திருந்தார். புயல் வந்தது. அன்றும் மறுநாளும் எட்டுப் பேர் இறந்தார்கள். ஹால், ஹான்சன், இன்னொரு குழுவின் தலைவர் ஸ்காட் ஃபிஷர், வடக்குப் பக்கம் ஏறிய இந்தோ-திபெத் எல்லைப் போலீஸ்காரர்கள் மூவர் உட்பட.

இதைப் பற்றி புத்தகம், படம் எல்லாம் வந்துடுச்சு. ஆனா அதுல ஒரு சின்ன காட்சி என்னை விடவே இல்ல. மறுநாள், முந்தின நாள் களைப்போட, அந்தக் காத்துல ஆங் டோர்ஜே, லாக்பா சிரின்னு ரெண்டு ஷெர்பாக்கள் ஹாலைக் கூட்டிட்டு வர மறுபடி மேல ஏறினாங்க. முடியாமத் திரும்பினாங்க. அந்த 65,000 டாலருக்குப் பின்னாடி இவங்களும் இருந்தாங்க.

ஐஸ்ஃபால் கணக்கு

விபத்துக்கப்புறம் கூட்டம் குறையல, கூடிடுச்சு. 2019-ல் உச்சிக்கு முன்னாடி நீண்ட அந்த வரிசையோட போட்டோ நீங்களும் பார்த்திருப்பீங்க. ஆனா பெரிய ஆபத்து அந்த வரிசையில மட்டும் இல்ல. பேஸ் கேம்ப்புக்கு நேர் மேலயே இருக்கு. கும்பு ஐஸ்ஃபால். வீடு உயர பனிக்கட்டிகள் உடைஞ்சு நகர்ந்துக்கிட்டே இருக்கிற ஒரு பனியாறு. அதுல ஏணி போட்டு, கயிறு கட்டிப் பாதை அமைக்கவே தனியா ஒரு ஷெர்பா குழு இருக்கு. டென்ட், சாப்பாடு, கேஸ், ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் பெரும்பாலும் அந்த வழியா முதுகுலதான் போகும்.

ஒரு என்ஜினியரா எனக்கு இது எப்படித் தெரியுதுன்னா, மொத்த ஆபத்து = ஒரு தடவை போனா வர்ற ஆபத்து × எத்தனை தடவை. காசு கட்டினவர் ஐஸ்ஃபாலைச் சில தடவை கடப்பார். இப்போ பலர் பக்கத்துல சின்ன மலையில உடம்பைப் பழக்கிட்டு வந்து அதையும் குறைச்சுக்கிறாங்க. அவருக்காகச் சுமக்கிறவர் பல மடங்கு அதிகமா கடக்கிறார். ஆக, கட்டணத்துல நாம வாங்குறதுல ஒண்ணு, இன்னொருத்தரோட தடவைகள்.

2014 ஏப்ரல் 18, விடிகாலை. மேற்குத் தோள் பக்கம் தொங்கிக்கொண்டிருந்த பனிப்பாளம் ஒன்று உடைந்து ஐஸ்ஃபால் பாதையில் விழுந்தது. 16 பேர் இறந்தார்கள். எல்லோரும் நேபாளத் தொழிலாளிகள். ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை. அந்தப் பாளத்துக்குப் பயந்து 2012-லேயே ஒரு பெரிய கம்பெனி தன் பயணத்தை ரத்து செய்திருந்தது.

அரசாங்கம் முதலில் அறிவித்தது, குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். கிட்டத்தட்ட 400 டாலர். ஷெர்பாக்கள் கொதித்துப் போனார்கள். அந்த சீசனில் ஏற மாட்டோம் என்று இறங்கிவிட்டார்கள். தெற்குப் பக்கம் அந்த வசந்தத்தில் கம்பெனிப் பயணங்கள் அத்தனையும் கைவிடப்பட்டன. அதன்பிறகு கட்டாயக் காப்பீடு 10 லட்சத்திலிருந்து 15 லட்சம் நேபாள ரூபாய் ஆனது. மறு வருஷம் பாதையும் அந்தப் பாளத்தை விட்டுத் தள்ளிப் போடப்பட்டது.

ஷாமோனிக்கு ஒரே வருஷம் போதுமா இருந்தது. இங்க 1922-ல் இருந்து கணக்குப் போட்டா 92 வருஷம்.

முதலாளி மாறினா?

நல்ல மாற்றமும் நடந்திருக்கு. இப்போ எவரெஸ்ட்ல பெரிய கம்பெனிகள் பல நேபாளிகளோடது. 2021 ஜனவரி 16-ல் பத்து நேபாளிகள் ஒண்ணா சேர்ந்து, அதுவரை குளிர்காலத்துல யாருமே ஏறாத கே2 உச்சியை எட்டினாங்க. காமி ரீத்தா ஷெர்பா 2025 மே மாசம் 31-வது தடவை எவரெஸ்ட் ஏறினார். அவங்க பேர் இப்போ தலைப்புச் செய்தியில வருது.

ஆனா பனிப்பாளத்துக்கு முதலாளி யாருன்னு தெரியாது. 2023 ஏப்ரல்ல அதே ஐஸ்ஃபால்ல சுமை கொண்டுபோன மூணு ஷெர்பாக்கள் இறந்தாங்க. லாபம் யார் கைக்கு மாறினாலும், அந்தப் பெருக்கல் கணக்கு அதே தோள் மேலதான் உட்கார்ந்திருக்கு.

நண்பனுக்கு நான் போகாதேன்னு சொல்லல. அந்த ஊர்ப் பிள்ளைகளோட ஸ்கூல் ஃபீஸ் இந்த வேலையில இருந்துதான் வருது. கம்பெனிகிட்ட மூணு கேள்வி கேளுன்னு மட்டும் சொன்னேன். எனக்காக உங்க ஆள் ஐஸ்ஃபாலை எத்தனை தடவை கடப்பார்? அவருக்குக் காப்பீடு எவ்வளவு? மூணாவது ரொம்ப முக்கியம். உச்சியைத் தொட்டா ஷெர்பாவுக்குத் தனியா போனஸ் தர்றது அங்க வழக்கம். நான் பாதியில திரும்பினாலும் அதைக் கொடுப்பீங்களா? திரும்பலாம்னு சொல்ற வாய்க்கு அபராதம் போட்டு வைச்சா, அந்த வாய் எப்படித் திறக்கும்?

அவன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "இதையெல்லாம் எந்த வெப்சைட்லயும் போடலையேடா"ன்னான். அதான்டா இந்த எபிசோட்னு சொன்னேன்.