விறகு அடுப்பும் புகைபோக்கியும்: இடத் தேர்வு

வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதி வீடுகளில் அறையைச் சூடாக்கும் இரும்பு விறகு அடுப்புக்கு இடம் பார்க்கும்போது, புகைபோக்கி கூரையைத் துளைக்கும் புள்ளியை முதலில் முடிவு செய்வதே முறை. அடுப்பின் இடம் அதற்கு அடுத்தது. குழாயினுள் இருக்கும் சூடான, இலேசான காற்றுக்கும் வெளியே இருக்கும் குளிர்ந்த, கனத்த காற்றுக்கும் உள்ள வேறுபாடுதான் புகையை மேலே இழுக்கிறது. குழாய் உயரமாகவும் வெப்பமாகவும் வளைவின்றியும் இருந்தால் இழுவை வலுக்கும். வெளிச்சுவரை ஒட்டிக் குளிரில் ஏறும் குழாயில் புகை ஆறிவிடுகிறது. ஏறத்தாழ 120 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அதிலுள்ள தார் ஆவிகள் உட்புறத்தில் கிரியோசோட்டாகப் படிகின்றன. அந்தப் படிவு தீப்பற்றினால் வீடே எரியக்கூடும். ஆகவே வீட்டின் நடுப்பகுதியில், கூரை முகட்டுக்கு அருகே, நேராக ஏறும் குழாயே சிறந்தது. குழாய் கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது, கிடைமட்டமாக 10 அடிக்குள் உள்ள கூரைப் பகுதிகளைவிட 2 அடியாவது உயர வேண்டும் என்ற விதியும் அங்கே எளிதில் நிறைவேறும்.

நடுவில் வைத்தால் புழங்கும் இடம் குறையும், மேல்மாடி அறையையும் குழாய் கடக்க நேரும் என்பது நியாயமான மறுப்பே. ஆனால் ஓரத்தில் வைத்தாலும் இடம் மிஞ்சுவதில்லை: சான்று பெறாத அடுப்புக்கும் எரியக்கூடிய சுவருக்கும் இடையே 36 அங்குலம் விட வேண்டும், உரிய வெப்பத் தடுப்புத் தகடு இருந்தால்தான் அதைக் குறைக்கலாம். மேல்மாடியில் குழாயைச் சுற்றி அடைப்பு கட்டுவது ஒருமுறைச் செலவு. இழுவையில்லாத குழாயோ ஒவ்வொரு குளிர்காலத்திலும் அறைக்குள் புகையையும் கார்பன் மோனாக்சைடையும் தள்ளும். வெளிச்சுவரைத் தவிர வழியில்லாத வீட்டில், வெப்பக்காப்புள்ள இரட்டைச் சுவர்க் குழாயைக் காப்பிட்ட கூட்டுக்குள் ஏற்றுவது ஏற்கத்தக்கது.