சபையும் ஆலயமும்

ஞாயிறு காலையில் தமிழ்க் கிறித்துவர் ஒருவர் 'சபைக்குப் போகிறேன்' என்பார். மற்றொருவர் 'கோவிலுக்குப் போகிறேன்' என்பார். செல்லுமிடம் ஒன்றே, சொற்களின் வரலாறு வேறு.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலம் 'எக்ளேசியா' என்கிறது. ஏதென்சு நகரக் குடிமக்களின் பேரவைக்கும் அதுவே பெயர். தமிழில் அதற்கு ஈடாக வழங்கும் 'சபை'யும் அத்தகையதே. உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் அது ஊராளும் அவை. இரண்டும் மக்களைக் குறித்தன, கட்டடத்தை அன்று. அக்கிரேக்கச் சொல்லே போர்த்துக்கீசியத்தில் 'இக்ரேஜா'வாகி, ஜெஞ்சாரோமில் நாம் நாளும் கேட்கும் மலாயில் 'கெரெஜா' ஆயிற்று. இன்று அது பெரிதும் கட்டடத்தையே சுட்டுகிறது. தமிழோ கூடுவோரைச் சபை என்றும், கூடுமிடத்தை ஆலயம் என்றும் பிரித்துரைக்கும்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் பணியின் மரபு, கடல் கடந்த தமிழரோடு மலாயாவுக்கும் வந்தது; பிரிக்பீல்ட்சின் சீயோன் ஆலயம் அதற்குச் சான்று. பின்னர், 1950களில் தோட்டங்கள் துண்டாடப்படத் தொடங்கியபோது, தொழிலாளர் குடும்பங்கள் பல சிதறின. கட்டடமே சபையெனில், அவர்கள் அதை அங்கேயே விட்டு வந்திருப்பர். புதிய இடத்தில் இருவர் மூவராய்க் கூடியபோதே சபை உடன் வந்துவிட்டது.

இச்சொல்லை வகுப்பில் விளக்கும் ஆசிரியர், இவ்வரலாற்றையும் சேர்த்துரைப்பாராயின், மாணவர் பொருளை மறவார்.