மன்றோ போட்ட கணக்கு

1826ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10ஆம் தேதியிட்டு, சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த ஸர் தாமஸ் மன்றோ எழுதிவைத்த குறிப்பில் ஒரு சிறு கணக்கு காணப்படுகிறது. ஜில்லாவுக்கு ஒன்றாக ஹிந்துக்களுக்கு 20 பள்ளிகள், முகம்மதியருக்கு 20 பள்ளிகள், உபாத்தியாயர் ஒருவருக்கு மாதம் 15 ரூபாய்; தாசில்தாரிக்கு ஒன்றாக 300 பள்ளிகள், அவற்றின் உபாத்தியாயர்களுக்கு மாதம் 9 ரூபாய்; புத்தகங்களை அச்சிட்டுக் கொடுப்பதற்கும் உபாத்தியாயர்களைப் பயிற்றுவிப்பதற்கும் சென்னையிலிருந்த புத்தக சங்கத்துக்கு மாதம் 700 ரூபாய்; ஆக மாதம் 4,000, வருஷத்துக்கு 48,000. ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சத்துக்கு மேற்பட்ட பிரஜைகள் வாழ்ந்த ராஜதானி ஒன்றுக்கு, சர்க்கார் தன் கைப்பொருளைக் கொண்டு ஆரம்பக் கல்வி அளிப்பதற்காக இந்நாட்டில் முதன்முதலில் வகுக்கப்பட்ட வரவு செலவுத் திட்டங்களுள் ஒன்று, இவ்வாறு ஒரு காகிதத்தின் கால்பகுதியில் அடங்கிவிட்டது.

இக்கணக்கில் உள்ளவற்றைக் காட்டிலும் இல்லாதவையே அதிகம் ஆலோசிக்கத்தக்கவை. கட்டடம் இல்லை; வாடகை இல்லை; பலகை, பாய், விளக்கு, கூரை என்று எதற்கும் ஒரு காசு இல்லை. 9 ரூபாய் அற்பமான சம்பளமாகத் தோன்றக்கூடும் என்பதை மன்றோவே உணர்ந்து, அந்த அளவுக்குக் குறையாத தொகையை உபாத்தியாயர் பிள்ளைகளிடமிருந்தும் பெற்றுக்கொள்வார் என்று சமாதானம் எழுதினார். கவர்னர் அங்ஙனம் நம்பியதற்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1822இல், ஒவ்வொரு ஜில்லாவிலும் உள்ள பள்ளிகளையும் மாணாக்கரையும் எண்ணி அனுப்புமாறு கலெக்டர்களுக்கு அவர் உத்தரவிட்டிருந்தார். அவ்வாறு வந்து சேர்ந்த தொகை 12,498 பள்ளிகள். ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி வீதம் இருந்த இத்தனையும் பெரும்பாலும் சர்க்காரின் பணம் ஒன்றும் பெறாமலே நடந்தவை. பல்லாரி ஜில்லாவின் கலெக்டரான காம்ப்பெல், தம் ஜில்லாவிலிருந்த 533 பள்ளிகளில் ஒன்றுகூட அரசாங்கத்தின் உதவியைப் பெறவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். ஜனங்கள் வறுமைப்பட்டு வருவதால் உள்ளவையும் குன்றிவருகின்றன என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அக்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பட்ஜெட் இருந்தது. அது எழுதப்படாத பட்ஜெட். இடம் யாரேனும் ஒரு மிராசுதாருடைய வீட்டுத் திண்ணை. எழுதுகருவி ஆற்று மணலும் பனையோலையும். வாத்தியாருக்குரிய வரும்படியோ மாதச் சம்பளமாகச் சிறிது காசு, அறுவடைக் காலத்தில் நெல், புதிதாகச் சுவடி தொடங்கும்போது தக்ஷிணை, நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டமடித்து வீடு வீடாகச் சென்று கொண்டுவரும் வெகுமதி என்று பல வழிகளாகப் பிரிந்து வந்து சேரும். மழை பொய்த்த வருஷத்தில் வாத்தியாரின் வயிறும் காயும் என்பது உண்மையே. ஆயினும் வரவு எவரிடமிருந்து வரவேண்டும், அது ஏன் வரவில்லை என்பது ஊரில் யாவருக்கும் தெரிந்திருந்தது. இந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று புகழ்வோருடன் நான் உடன்படேன். நெல் அளக்க வல்லவர்களுடைய பிள்ளைகளுக்கும், திண்ணையில் ஏறும் உரிமை பெற்றவர்களுடைய பிள்ளைகளுக்குமே அந்தப் பள்ளி. பெண்மக்களும், சேரியில் பிறந்தவர்களும் அதன் கணக்கில் வரவாகவும் இல்லை, செலவாகவும் இல்லை.

மன்றோ 1827இல் வாந்திபேதி கண்டு மாண்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் டைரக்டர்கள் அவர் கேட்ட தொகைக்குச் சம்மதித்தபோதிலும், தாசில்தாரிப் பள்ளிகள் முந்நூறு என்ற எண்ணை எட்டவேயில்லை; உயர்ந்த ஆங்கிலக் கல்விக்கே பணத்தைச் செலவிடவேண்டும் என்ற அபிப்பிராயம் கல்கத்தாவில் வலுத்தபின், 1836இல் அவை மூடப்பட்டன.

பின்வந்த நூறாண்டுகளின் விருத்தாந்தத்தை நோக்குமிடத்து, ஒரு விநோதம் புலப்படுகிறது. பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு வேண்டுவன யாவை என்று முதலில் கணக்கிட்டு, அதற்கேற்ற பணத்தைப் பிறகு தேடியவர்கள் அரியர். கிடைக்கக்கூடிய பணம் இவ்வளவு என்று முதலில் தீர்மானித்து, துணியை வெட்டி முடித்தபின் பிள்ளையின் உடம்பை அளப்பதுபோல், அந்தத் தொகைக்குள் பள்ளியை அடக்க முயன்றவர்களே அநேகர்.

கோதாவரி ஜில்லாவில் 1850களில் டெய்லர் என்ற உபகலெக்டரின் ஊக்கத்தால், கிராமத்தார் தங்கள்மேல் தாமே ஒரு வரி விதித்துக்கொண்டு பள்ளி நடத்தும் முறை தோன்றிற்று. அதைக் கண்டு மகிழ்ந்த சர்க்கார், 1863இல் ஒரு சட்டம் இயற்றி, விரும்பிய ஊரார் பள்ளிக்காக வரி விதித்துக்கொள்ளலாம் என்று ராஜதானி முழுமைக்கும் அனுமதி வழங்கிற்று. விரும்பி வரி செலுத்த முன்வரும் ஊர்கள் எங்கேயும் எக்காலத்தும் மிகுதியாக இருந்ததில்லை. சட்டம் பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. 1871இல் ஸ்தல நிதிச் சட்டம் வந்தபோதுதான் விருப்பம் என்பது போய் நிர்ப்பந்தம் வந்தது. நிலத்தின்மேல் ரூபாய்க்கு ஓரணாவரை விதிக்கப்பட்ட அந்த வரியில் மூன்றில் இரண்டு பங்கு சாலைகளுக்கே என்று சட்டம் வரையறுத்துவிட்டது. எஞ்சிய ஒரு பங்கில் ஆஸ்பத்திரியும், அம்மை குத்துதலும், சுகாதாரமும் தத்தம் பங்கைப் பெற்றுக்கொண்டபின் மிஞ்சியதே பள்ளிக்கு. பள்ளிகளுக்கென்றே வீட்டுவரி ஒன்று விதித்துப் பார்த்தார்கள். ஜனங்கள் காட்டிய வெறுப்பைக் கண்டு சில ஆண்டுகளுக்குள் அதையும் கைவிட்டார்கள். வண்டிப்பாதை போட்டால் வியாபாரிக்கும் கலெக்டருக்கும் உடனே பிரயோஜனம் தெரியும். எழுத்தறிவின் பிரயோஜனம் தெரிவதற்கு ஒரு தலைமுறை செல்லும்.

இவற்றையெல்லாம்விட விசித்திரமானது பரீக்ஷையின் பலனுக்கேற்ப மானியம் அளித்த முறை. 1860களில் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டின் முதற் சில ஆண்டுகள்வரை சென்னை ராஜதானியில் இது வேரூன்றி நின்றது. வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டரோ அவருடைய உதவியாளரோ பள்ளிக்கு வருவார்; ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் தனித்தனியே சோதிப்பார்; தேறிய பிள்ளைக்கு, தேறிய பாடத்துக்கு, இவ்வளவு ரூபாய் அணா என்று மானியம் கணக்கிடப்படும். காகிதத்தில் பார்க்கும்போது இதைப்போல் நியாயமான ஏற்பாடு வேறில்லை என்றே தோன்றும். ஆனால் ஆனி மாதம் முதல் பிள்ளைகளுடன் மன்றாடிய உபாத்தியாயருக்கு, அவ்வருஷத்து வரவு எவ்வளவு என்பது அந்த ஒருநாள் பரீக்ஷை முடிந்து, பட்டியல் மேலிடம் சென்று, உத்தரவு திரும்பும்வரை தெரியாது. அன்றைக்கு ஊரில் அம்மை கண்டிருந்தாலோ, கதிர் அறுப்பு நடந்தாலோ, வராத பிள்ளையின் பெயரால் வரவேண்டிய பணமும் வராது. ஆகையால், மந்தமான பிள்ளைகளை ஒதுக்கிவைப்பதும், தேறக்கூடியவர்களை உருப்போடச் செய்வதும், இன்ஸ்பெக்டர் வரும் நாளில் அண்டை ஊரிலிருந்து பிள்ளைகளை இரவல் வாங்கி உட்காரவைப்பதும் வழக்கமாயின என்று சொல்லும் கதைகள் பல. பசித்தவனிடம் தர்மத்தைப் பரீட்சித்த ஏற்பாடாகையால், குற்றம் முழுவதையும் வாத்தியார் தலையில் சுமத்த எனக்கு மனம் வரவில்லை.

1884இன் சட்டங்களால் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன், முனிசிபாலிட்டி என்ற ஸ்தல ஸ்தாபனங்கள் ஒழுங்காக அமைந்தபின், பள்ளிக் கணக்கு ஆண்டுதோறும் ஒரு சபையில் வாசிக்கப்பட்டு நிறைவேறுவதாயிற்று. அந்த பட்ஜெட்டுகளில் சம்பளமே சிங்கத்தின் பங்கை விழுங்கியது; கூரை வேய்தல், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தல், கரும்பலகைக்கு மை பூசுதல் யாவும் சில்லறைச் செலவு என்ற ஒரு வரியில் நெருக்கி அடைக்கப்பட்டன. அரசாங்கத்தின் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் தேதியில் பிறக்க, பள்ளியின் ஆண்டோ கோடை விடுமுறைக்குப்பின் ஜூன் மாதத்தில் பிறந்தமையால், ஜூனில் எத்தனை பிள்ளைகள் வந்து சேர்வார்கள் என்பதை அறியாமலே அதற்கு முன்பே அந்த ஸ்தாபனங்கள் பட்ஜெட்டைப் போட்டாக வேண்டியிருந்தது.

இடத்துக்கு வாடகை கொடாமல் மிச்சம் பிடிக்கும் உத்தேசத்தால், கோயில் மண்டபம், சாவடி, அக்கிரகாரத்து வீடு என்று இனாமாகக் கிடைத்த இடங்களில் போர்டு பள்ளிகள் பலவற்றை நடத்தினார்கள். கணக்கில் இது சிக்கனம்; யதார்த்தத்திலோ, அந்த வீதிக்குள் நுழைய இயலாத ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளி இல்லாததற்குச் சமானம். பொதுப் பணத்தால் நடக்கும் பள்ளிகள் எல்லோரும் வந்து சேரத்தக்க இடத்தில் இருக்கவேண்டும் என்று 1919இல் சர்க்கார் உத்தரவு பிறப்பித்ததற்கும், பிறகு தொழிலாளர் இலாகாவின் பெயரால் அப்பிள்ளைகளுக்கெனத் தனிப்பள்ளிகள் எழுந்ததற்கும், வாடகை என்ற தலைப்பில் மிச்சப்படுத்திய அந்தச் சில ரூபாய்களும் ஒரு காரணம். சேரிப் பிள்ளைக்கு ஒரு கணக்கு, ஊர்ப் பிள்ளைக்கு ஒரு கணக்கு என்று இரட்டைச் செலவு செய்ய நேர்ந்ததைச் சிக்கனம் என்று எவர் சொல்வார்?

ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்க விரும்பிய கோகலே, அதன் செலவில் இரண்டு பங்கைச் சர்க்காரும் ஒரு பங்கை ஸ்தல ஸ்தாபனங்களும் ஏற்கவேண்டும் என்று கருதிக் கொணர்ந்த மசோதா, 1912இல் 13 வாக்குகளுக்கு எதிராக 38 வாக்குகளால் தோற்றது. சென்னையில் 1920ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டம் அந்த நோக்கத்தை வேறொரு வழியில் பின்பற்றிற்று. ஸ்தல ஸ்தாபனங்கள் கல்விவரி விதிக்கலாம். விதித்தால் அதற்கு ஈடான தொகையைச் சர்க்காரும் கொடுக்கும். திட்டம் வகுப்பதற்கு ஜில்லாக் கல்விக் கவுன்சில்கள் ஏற்பட்டன. வரி விதிக்கும் அதிகாரமோ போர்டுகளின் கையில் இருந்தது. ஜனங்களின் வாக்கைப் பெற்று வந்த அங்கத்தினர், அந்த ஜனங்கள்மேல் புதுவரி சுமத்தத் தயங்கியதில் வியப்பில்லை. செழிப்பான ஊர்கள் வரி விதித்து இரட்டிப்பாகப் பெற, ஒன்றுமில்லாத ஊர்கள் ஒன்றுமில்லாமலே இருந்தன.

இச்சட்டத்தால் ஏற்பட்ட ஆரம்பக் கல்வி நிதியைப் பற்றிச் சென்னை நகரசபையில் ஒரு வழக்கு எழுந்தது. பிட்டி தியாகராய செட்டியார் தலைமையில் 1920 செப்டம்பரில் கூடிய சபை, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த நகரசபைப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி அளிக்க அனுமதித்தது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. அந்த ஐந்து பள்ளிகளிலும் 1922-23இல் 811ஆக இருந்த பிள்ளைகளின் தொகை 1924-25இல் 1,671 ஆயிற்று. கல்விக்கென்று போட்ட எந்தச் செலவும் இவ்வளவு விரைவில் இவ்வளவு பலன் தந்ததாக அக்காலத்து நிர்வாகிகள் காட்டியிருக்க முடியாது. ஆயினும் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடலாகாது என்று சர்க்கார் மறுக்கவே, 1925 ஏப்ரல் முதல் தேதியோடு அது நின்றது. கணக்கு ஆண்டு தொடங்கிய அதே தேதியில் என்பதைக் கவனிக்க வேண்டும். பலகைக்கும் பிரம்புக்கும் இடம் கொடுத்த தலைப்பில் இட்டிலிக்கு இடமில்லை.

சுதந்திரத்துக்குப்பின் 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டமும் பண நெருக்கடியில் பிறந்ததே. பிள்ளைகள் நாளில் மூன்று மணி நேரம் மட்டும் பள்ளியில் இருந்தால், அதே கட்டடத்தில் அதே உபாத்தியாயரைக் கொண்டு இருமடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அதன் கணக்கு; எஞ்சிய நேரத்தில் பிள்ளை தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றது, நாட்டைக் கொதிக்கச் செய்தது. கணக்கு சரியாக இருந்தும் அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது, நியாயமாகவே.

காமராஜர் காலத்தில்தான், எனக்குத் தோன்றுகிறபடி, கணக்கு போடும் வரிசை சிறிது திரும்பிற்று. 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. பின்பு ஒரு வேளை உணவுக்கு 10 நயா பைசா என மதித்து, 6 பைசாவைச் சர்க்காரும் 4 பைசாவை ஊராரும் ஏற்பதென ஏற்பாடாயிற்று. நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இலாகாவின் தலைவராக இருந்து 1958 முதல் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளோ இன்னும் கருதத்தக்கவை. இந்தப் பள்ளிக்கு எத்தனை பெஞ்சு வேண்டும், சுவர் எங்கே இடிந்திருக்கிறது, எத்தனை பிள்ளைகளுக்குச் சட்டையில்லை என்று ஊராரே முதலில் ஜாபிதா எழுதினார்கள். எழுதியபின், ஒவ்வொரு உருப்படிக்கும் விலை மதித்து, ஏற்றுக்கொள்வார் யார் என்று ஊரிலேயே கேட்டார்கள். ஒருவர் மணி வாங்கிக் கொடுத்தார். ஒருவர் நிலம் எழுதிவைத்தார். வரி கேட்டபோது முகம் திருப்பிய கிராமங்கள், கண்ணெதிரே நின்ற பெஞ்சுக்கும் மணிக்கும் பணம் கொடுத்தன. சர்க்கார் செய்யவேண்டிய கடமையை ஏழைக் குடியானவன்மேல் தள்ளிவிட்டார்கள் என்ற ஆக்ஷேபமும் எழக்கூடியதே. முற்றிலும் பொய்யென்று அதைத் தள்ள இயலாது.

ஜில்லா போர்டுகள் மறைந்து, 1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டப்படி ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபோது, கிராமத்துப் போர்டு பள்ளிகள் அவற்றின் வசமாயின. ஒன்றியத்தின் பட்ஜெட்டில் உபாத்தியாயர் சம்பளமே பெரும்பகுதி; அது சர்க்கார் மானியத்தால் நிரப்பப்பட்டது; மானியம் தாமதித்த மாதங்களில் சம்பளமும் தாமதித்தது. 1981 ஜூன் முதல் தேதி அந்த உபாத்தியாயர்கள் யாவரும் அரசு ஊழியராக்கப்பட்டு, சம்பளப் பொறுப்பு ஒன்றியத்தின் கணக்கிலிருந்து நீங்கிற்று. இன்று கிராமத்துப் பள்ளியின் பெயர்ப்பலகையில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்றே எழுதியிருக்கிறது. ஒன்றியத்திடம் எஞ்சியிருப்பவை கட்டடமும், அதன் பழுதுபார்ப்பும், மன்றோவின் கணக்கில் இடம்பெறாதுபோன கூரையும்.